அடுக்களைக்கு வந்த ஆண்டவர்

(கிறிஸ்துமஸ் சிறப்புப் பட்டிமன்றம். தலைப்பு: இறைவனின் அன்பைப் பெரிதும் உணர்வது ஆலயத்திலா? அடுக்களையிலா? ‘அடுக்களையிலே’ என்னும் அணியில் இரண்டாவதாகப் பேசியது.)

வீட்டில் உட்கார்ந்து பார்த்துக் கொண்டிருக்கிற அன்பர்களே!

வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறவங்கன்னு சொல்லும்போதே எனக்கு ஒரு சந்தேகம். கிறிஸ்துமஸ் அன்னைக்குக் காலையில டி.வி. முன்னால உட்கார யாருக்கய்யா நேரம் இருக்கு? அப்பாவுக்கு இருக்கு. பிள்ளைங்களுக்கு இருக்கு. அம்மா மட்டும் வேற ஒரு இடத்தில நின்னுக்கிட்டு, “சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைங்கடா, எனக்கும் கேட்கட்டும்”னு சொல்லிக்கிட்டு இருப்பாங்க. (சிரிப்பு) அந்த அம்மாவுக்குத்தான் நான் வக்கீலாக வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் அருமையாகப் பேசினார். ஆலயமணி ஓசையைச் சொன்னார், பாடற்குழுவைச் சொன்னார், முழங்கால் போட்டு அழுகிறவர்களின் கண்ணீரைச் சொன்னார். எனக்கே ஒரு நிமிஷம் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துவிடலாமா என்று தோன்றியது. நான் ஆலயத்துக்கு எதிரி இல்லை அய்யா. ஆனால் தலைப்பில் ஒரு சொல் இருக்கிறது. ‘உணர்வது’ என்று போட்டிருக்கிறீர்கள். கேட்பது வேற, உணர்வது வேற. இறைவன் அன்பானவர் என்று ஆலயத்தில் கேட்கிறோம். மறுக்கவில்லை. அந்த அன்பு எப்படிப்பட்டது, அதற்கு என்ன குணம், அது வந்தால் முதலில் என்ன செய்யும் என்று எங்கே தெரிகிறது? அதைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

எலியா என்று ஒரு தீர்க்கதரிசி. கர்மேல் மலையில் பெரிய வெற்றி. வானத்திலிருந்து நெருப்பே இறங்கிவிட்டது. அதுக்கு மேல ஒரு மனுஷனுக்கு என்ன வேணும்? ஆனால் அடுத்த நாளே யேசபேல் என்கிற அரசி, உன்னைத் தீர்த்துக் கட்டுகிறேன் என்று ஆள் அனுப்புகிறாள். அவ்வளவுதான். மலையிலே சிங்கமாக நின்றவர், வனாந்தரத்திலே ஒரு சூரைச்செடியின் கீழே போய் உட்கார்ந்து, “போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும்” என்கிற கருத்திலே ஜெபம் பண்ணுகிறார். களைத்துப் போய் அப்படியே தூங்கிவிடுகிறார்.

இப்போ இறைவன் என்ன செய்யணும்? நம்ம கூட்டத்தில யாராவது இப்படிப் பேசினா என்ன செய்வோம்? “உனக்கு விசுவாசம் பத்தாது”ன்னு ஆரம்பிப்போம். “நேத்து நெருப்பு இறங்கினதைப் பார்த்தும் இப்படிப் பேசலாமா?”ன்னு அரை மணி நேரம் பிரசங்கம். கடவுள் பிரசங்கம் பண்ணவில்லை. ஒரு தூதன் வருகிறான், தட்டி எழுப்புகிறான், எழுந்து சாப்பிடு என்கிறான். தலைமாட்டில் பார்த்தால் தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரத்தில் தண்ணீர். பழைய வேதாகமத் தமிழில் அந்த இடத்தில் போட்டிருக்கிற சொல் ‘அடை’தான் அய்யா. நம்ம வீட்டுக் கல்லுல ஊத்துற அதே சொல். மொழிபெயர்த்தவருக்கு நல்ல பசி போலிருக்கு! (சிரிப்பு) சாப்பிட்டார், தண்ணீர் குடித்தார், திரும்பவும் படுத்துவிட்டார். தூதன் திட்டவில்லை. மறுபடியும் எழுப்பி, மறுபடியும் சாப்பிட வைத்தான். அந்தச் சாப்பாட்டின் பலத்தில் நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போகிறார். “நீ இங்கே என்ன செய்கிறாய்?” என்கிற கேள்வி அங்கேதான் வருகிறது. வயிறு காய்ந்து சூரைச்செடிக்குக் கீழே கிடந்தவனிடம் அந்தக் கேள்வி வரவில்லை. நான் சொல்லுகிற இறைவனின் குணம் இதுதான்.

எனக்குத் தெரிந்த ஒரு வீடு. வளர்ந்த பிள்ளையை விபத்திலே பறிகொடுத்த வீடு. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் நல்லவர்கள்தான். ஒருத்தர் வந்து, “ஆண்டவர் கொடுத்தார், ஆண்டவர் எடுத்துக்கொண்டார்” என்றார். இன்னொருத்தர், “இதிலேயும் ஒரு நோக்கம் இருக்கும்” என்றார். மூணாவது ஒரு அம்மா வந்து, “வீட்டிலே ஜெபம் குறைஞ்சு போச்சோ?” என்று கேட்டார்கள். கேட்டார்கள் அய்யா, பெற்றவள் முகத்துக்கு நேரா! அந்தத் தாய் மூணு நாளாகத் தண்ணிகூட இறங்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். நாலாம் நாள் பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு பாட்டி வந்தது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி. கையிலே ஒரு தூக்குவாளி. அதிலே நொய்க் கஞ்சி, மேலே ஒரு துண்டு நார்த்தங்காய். ஒரு வசனம் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, சிக்குப் பிடித்துக் கிடந்த அந்தத் தலையை மடியிலே தூக்கி வைத்து, கரண்டியால் ஒரு வாய், ரெண்டு வாய். மூன்றாவது வாய்க்கு அந்தப் பெண் ஓவென்று கதறி அழுதாள். நாலு நாளில் முதல் அழுகை. பிறகு ஒரு நாள் அந்தத் தாய் என்னிடம் சொன்னாள்: “டீச்சர், வந்தவங்க எல்லாரும் கடவுளைப் பத்திச் சொன்னாங்க. அந்தப் பாட்டிதான் கடவுளைக் கூட்டிட்டு வந்தாங்க.” (நீண்ட கைதட்டல்)

கைதட்டுகிறீர்கள். ஆனால் அந்தப் பாட்டி செய்தது புதிய காரியம் இல்லை. யவீரு என்கிற ஜெப ஆலயத் தலைவனுடைய மகள், பன்னிரண்டு வயசு, இறந்து போனாள். இயேசு கையைப் பிடித்து எழுப்பினார். சுற்றி நிற்கிறவர்களுக்குத் திகைப்பு. பெற்றவர்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எழுப்பின அவர் என்ன சொல்லியிருக்க வேண்டும்? அற்புதத்துக்கு ஒரு விளக்கம் சொல்லியிருக்கலாம். அவர் சொன்னது இரண்டே காரியம். இதை யாருக்கும் சொல்லாதீர்கள், பிள்ளைக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள். அற்புதத்தின் பரபரப்பிலே பிள்ளைக்குப் பசிக்கும் என்பது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அவருக்கு ஞாபகம் வந்தது.

எதிரணியில் தம்பி ஒருத்தர் மார்த்தாளைக் கொண்டு வந்து எங்கள் தலையில் போட்டார். “மார்த்தாள் அடுக்களையில் இருந்தாள், மரியாள் பாதத்தில் இருந்தாள், ஆண்டவர் யாரைப் பாராட்டினார்?” என்று கேட்டார். உங்கள் கைதட்டலையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அடுக்களைக் கட்சியில் பேச வருகிறவர்களுக்கு எதிராக எல்லாரும் எடுக்கிற ஒரே ஆயுதம் இது. தம்பி, கதையைப் பாதியில் நிறுத்தினால் எப்படி? லூக்காவில் படித்தீர்கள், யோவானைப் படிக்கவில்லையா? ஆண்டவர் மார்த்தாளைக் கண்டித்தது அவள் சமைத்ததற்காக இல்லை. பலதையும் போட்டுக் கவலைப்பட்டுக் கலங்கினதற்காக. சமையல் தப்பு என்று சொல்லியிருந்தால் அன்றைக்கு மத்தியானம் பன்னிரண்டு சீடர்களும் பட்டினி! (சிரிப்பு)

பிறகு அவள் சகோதரன் லாசரு இறந்த வீட்டிலே, ‘நீரே கிறிஸ்து, தேவனுடைய குமாரன்’ என்று பேதுருவுக்கு நிகராக அறிக்கை செய்தது யார்? பாதத்தில் உட்கார்ந்திருந்த மரியாளா? அந்த நேரம் மரியாள் வீட்டுக்குள்ளே இருந்தாள். ஊருக்கு வெளியே எதிர்கொண்டு போய் அதைச் சொன்னவள் மார்த்தாள். கரித்துணி பிடித்த கை! அதற்கு அடுத்த அதிகாரத்தில், பஸ்காவுக்கு ஆறு நாள் முன்னால் பெத்தானியாவில் ஒரு விருந்து. அங்கேயும் மார்த்தாள் பரிமாறுகிறாள். அன்றைக்கு அவளை யாரும் கண்டிக்கவில்லை. அவளும் யார் மேலேயும் புகார் சொல்லவில்லை. கலக்கம் போய்விட்டது, கரண்டி போகவில்லை.

இன்னொன்று. ‘அடுக்களை பெண்களுக்கு, ஆலயம் எல்லாருக்கும்’ என்ற பொருளில் எதிரணியில் பேசினார்கள். அடுக்களை பெண்களுக்கு என்று யார் எழுதிக் கொடுத்தது? உயிர்த்தெழுந்த பிறகு ஆண்டவர் செய்த வேலைகளில் ஒன்று சமையல். ஆச்சரியப்படாதீர்கள். கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். மணியை அடித்துவிடாதீர்கள் அய்யா.

பேதுரு மூன்று முறை மறுதலித்த ராத்திரி ஞாபகம் இருக்கிறதா? குளிர்காலம். பிரதான ஆசாரியன் வீட்டு முற்றத்தில் வேலைக்காரர்கள் கரிநெருப்புப் போட்டுக் குளிர் காய்கிறார்கள். பேதுருவும் போய் நிற்கிறார். உள்ளே குருவுக்கு விசாரணை, வெளியே சீடனுக்குக் குளிர். “நீயும் அவரோடு இருந்தவன்தானே?” என்று கேட்கிறார்கள். “அவரையா? எனக்குத் தெரியாதே!” மூன்று தடவை. பிறகு சிலுவை, கல்லறை எல்லாம் ஆயிற்று. குரு உயிர்த்துவிட்டார் என்று தெரிந்தும் பேதுருவுக்கு உள்ளே உறுத்தல் போகவில்லை. போகுமா? மீன்பிடிக்கப் போகிறேன் என்று பழைய தொழிலுக்கே போகிறார். ராத்திரி முழுக்க வலை வீசினார்கள். ஒரு மீன் இல்லை.

விடிகிறது. கரையிலே ஒருவர் நிற்கிறார். வலப்பக்கம் போடச் சொல்கிறார். 153 பெரிய மீன்கள். எண்ணியே எழுதிவிட்டார் யோவான்; மீன்காரர் மீன்காரர்தான்! கரையில் நிற்பவர் ஆண்டவர் என்று தெரிந்ததும் பேதுரு படகு வரக் காத்திருக்கவில்லை, கடலில் குதித்துவிட்டார். கரைக்கு வந்து பார்த்தால் அங்கே என்ன இருக்கிறது தெரியுமா? கரிநெருப்பு. அதன் மேலே மீன். பக்கத்திலே அப்பம்.

நான் தமிழ் வாத்தியார், சொல்லைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் தொழில். யோவான் இந்தக் ‘கரிநெருப்பு’ என்ற சொல்லை இரண்டு இடத்தில் வைத்திருக்கிறார். ஒன்று, பேதுரு மறுதலித்த முற்றத்தில். இன்னொன்று, இந்தக் கரையில். கரிப்புகைக்கு ஒரு குணம் உண்டு. மூக்கில் ஏறினால் பழசையெல்லாம் கிளப்பிவிடும். ஈர வேட்டியோடு நிற்கிற பேதுருவுக்கு அந்தப் புகை என்ன சொல்லியிருக்கும்? ‘இப்போ கேட்பார். எல்லார் முன்னாலும் வைத்துக் கேட்பார்.’ ஆண்டவர் கேட்கவில்லை. வாருங்கள், சாப்பிடலாம் என்று கூப்பிட்டார். அப்பத்தை எடுத்துத் தன் கையாலேயே கொடுத்தார், மீனையும் கொடுத்தார். ஆணி அடித்த கை அய்யா அது. அந்தக் கை மீனைத் திருப்பிப் போட்டு வாட்டியிருக்கிறது. தன்னைத் தெரியாது என்று சொன்னவனுக்காக! (கைதட்டல்)

அப்போ கேள்வியே கிடையாதா, கண்டிப்பே கிடையாதா என்றால், உண்டு. “என்னை நேசிக்கிறாயா?” என்று மூன்று தடவை கேட்டார். மூன்றாம் தடவை பேதுரு துக்கப்பட்டார். ஆனால் எப்போது கேட்டார்? சாப்பிட்டு முடித்த பிறகு என்று யோவான் கவனமாக எழுதியிருக்கிறார். வரிசையைப் பாருங்கள். சோறு முன்னால், கேள்வி பின்னால். நம்ம வீடுகளில் இந்த வரிசை எப்படி இருக்கிறது? தேர்வு முடிவு வருகிறது. பிள்ளை தோற்றுப் போய், தெருவெல்லாம் சுற்றிவிட்டு, இருட்டினபிறகு வீட்டுக்கு வருகிறான். வாசலிலேயே கேள்வி. “எத்தனை மார்க்? பக்கத்து வீட்டுப் பையன் எத்தனை? உனக்குக் கொட்டின காசு எத்தனை?” அவன் சாப்பிடாமல் போய்ப் படுக்கிறான். ஒவ்வொரு வருஷமும் தேர்வு முடிவு வந்த மறுநாள் பத்திரிகையைப் பிரிக்கவே பயமாக இருக்கிறதே, ஏன்? அந்த ராத்திரி, “முதல்ல கையைக் கழுவிட்டு வா, தட்டு வெச்சிருக்கேன். மத்ததை நாளைக்குப் பேசிக்கலாம்” என்று ஒரு குரல் கேட்டிருந்தால் எத்தனை பிள்ளைகள் மறுநாள் காலை விழித்திருக்கும்! கடவுள் மன்னிக்கிறவர் என்று அந்தப் பிள்ளை ஞாயிற்றுக்கிழமை தோறும் கேட்டிருக்கும். திங்கட்கிழமை ராத்திரி அதற்கு ஒரு தட்டு வேண்டியிருக்கிறது.

சமைக்கிறவருடைய கைதான் அன்பைக் காட்டும் என்று இல்லை. யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறோம் என்பதும் காட்டும். இது கொஞ்சம் காரமான இடம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தியோகியாவில் பேதுருவும் பவுலும் முகத்துக்கு நேரே மோதிக்கொண்டார்கள். கலாத்தியர் நிருபத்தில் பவுலே எழுதுகிறார். எதற்காக மோதல்? ஜெபத்துக்காகவா? ஆராதனை முறைக்காகவா? இல்லை, பந்திக்காக. வேற்று இனத்தாரோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுக் கொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து தன் இனத்து ஆட்கள் வந்ததும் பந்தியை விட்டு நைசாக விலகிக்கொண்டார். பவுல் விடவில்லை. எல்லார் முன்னாலும் கேட்டார். ஆலயத்தில் ஒன்றாகவும் அடுக்களையில் வேறாகவும் இருந்தால் அது சுவிசேஷம் இல்லை என்பது அவர் வாதம். இது பழைய கதை என்று சிரிக்க வேண்டாம். நம் தமிழ்நாட்டுச் சபைகளிலேயே ஒரே பாட்டுப் புத்தகம், ஒரே பாதிரியார், உட்காருகிற இடம் மட்டும் சாதிக்கு ஒன்று என்று இருந்தது உண்டு. சில ஊர்களில் செத்த பிறகும் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவிலே சுவர். அந்தச் சுவரையெல்லாம் பார்த்துக்கொண்டு ஆலயமணி அடித்துக்கொண்டுதானே இருந்தது?

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் ‘அசனம்’ என்று ஒன்று உண்டு. சபைத் திருவிழாவில் அண்டா அண்டாவாகச் சோறும் குழம்பும் வைத்து ஊரே உட்கார்ந்து சாப்பிடும். முதல் நாள் ராத்திரியே காய் நறுக்க உட்கார்ந்துவிடுவார்கள். அரிசி ஒரு வீட்டிலிருந்து வரும், தேங்காய் ஒரு வீட்டிலிருந்து வரும். அண்டாவுக்குள்ளே போனபிறகு எது யார் வீட்டு அரிசி என்று எந்தக் கொம்பனாலும் பிரிக்க முடியாது. அந்தப் பந்தியில் முதலாளிக்குப் பக்கத்தில் அவருடைய வண்டிக்காரர் உட்கார்ந்து, ரெண்டு பேருக்கும் ஒரே கரண்டியில் குழம்பு விழுகிறபோது, இறைவன் எல்லாருக்கும் தகப்பன் என்பது அந்த வண்டிக்காரருக்குப் புரிகிற மாதிரி எந்தப் பிரசங்கத்தில் புரியும்? உட்கார மாட்டேன் என்று பார்சல் கேட்கிற ஆளும் சில ஊரில் உண்டு. (சிரிப்பு) அவர் எந்த அணி என்று நான் சொல்லத் தேவையில்லை.

வள்ளுவர் பெருமான் ‘அன்புடைமை’ எட்டாவது அதிகாரம் வைத்தார். ஒன்பதாவது எது? ‘விருந்தோம்பல்.’ அன்பைப் பாடி முடித்ததும் அந்த மகான் நேரே பந்தி போடப் போய்விட்டார். இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் 1726-இல் தேம்பாவணி முடித்தார். 3,615 பாட்டு. கிறிஸ்தவக் காப்பியம் பாடுகிறவர் யாரைத் தலைவனாக வைப்பார்? குருவை, தீர்க்கதரிசியை வைப்பார் என்று நினைப்போம். அவர் வைத்தது வளனை, அதாவது சூசையப்பரை. நற்செய்தி நூல்களில் ஒரு வார்த்தைகூடப் பேசாத தச்சர். ஆலயத்திலே பதவி எதுவும் இல்லை. இழைப்புளி பிடித்துச் சம்பாதித்து, அந்த வீட்டுக்கு உலை வைக்க வழி பண்ணினவர். அவருக்கு ஒரு பெருங்காப்பியம்!

ஏமி கார்மைக்கேல் அம்மையாரைத் தெரியுமல்லவா? அயர்லாந்துக்காரர். 1895-இல் இந்தியாவுக்கு வந்தார். ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்வதுதான் அவர் வந்த வேலை. 1901-இல் கோயிலுக்கு விடப்பட்ட ஒரு சிறுமி ஓடிவந்து அவரிடம் ஒட்டிக்கொண்டாள். ஒன்று பலவாயிற்று. டோனாவூரிலே தொட்டில் கட்ட வேண்டியதாயிற்று, பால் காய்ச்ச வேண்டியதாயிற்று. பிரசங்கப் பயணம் நின்று போயிற்று. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவளுக்குக் கால்கட்டு என்று நம் ஊரில் சொல்வதை அவரும் கேட்டிருக்கிறார். ஊழியத்தை விட்டுவிட்டோமோ என்ற கேள்வி அவருக்கும் வந்தது. ஆண்டவரே சீடர்களின் காலைக் கழுவினார் என்பதில் அவர் பதிலைக் கண்டுகொண்டார். 1951-இல் இறக்கும்வரை சொந்த நாட்டுக்குத் திரும்பவே இல்லை. அவர் கல்லறையில் பெயர்ப்பலகை கிடையாது. பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி. அதில் ஒரே சொல்: அம்மா.

அய்யா மணியில் கை வைத்துவிட்டார். எனக்கு அடுத்துப் பேச வருகிற எதிரணி நண்பருக்கு ஒரே ஒரு கேள்வியை வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

உயிர்த்தெழுந்த அன்றைக்கு இரண்டு பேர் எருசலேமிலிருந்து எம்மாவு ஊருக்கு நடந்து போகிறார்கள். இயேசு வழிப்போக்கர் மாதிரி கூடவே நடக்கிறார். மோசே தொடங்கி எல்லாத் தீர்க்கதரிசிகளையும் எடுத்து அவர்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டே வருகிறார். வேதத்தை விளக்குகிறவர் வேதநாயகர்! அதைவிட நல்ல பிரசங்கம் எந்த ஆலயத்தில் கிடைக்கும்? அவர்கள் உள்ளம் கொழுந்துவிட்டு எரிந்தது என்றுகூட எழுதியிருக்கிறது. இருந்தும் அவர் யார் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. பொழுது சாய்ந்தது. எங்க வீட்டில தங்கிட்டுப் போங்கய்யா என்று வற்புறுத்திக் கூட்டிப் போகிறார்கள். பந்தியில் உட்கார்ந்தார், அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தார். அந்த நொடியில் கண் திறந்தது, கண்டுகொண்டார்கள்.

அவ்வளவு தூரம் வழியெல்லாம் கேட்டுத் தெரியாதது, ஒரு துண்டு அப்பத்தில் எப்படித் தெரிந்தது? நண்பர் அதற்குப் பதில் சொல்லிவிட்டு அவருடைய ஆலயத்தைக் கட்டட்டும். (கைதட்டல்)